மடிப்புக்கு அந்தப் பக்கம்

பெஷ்டர் மேடு, ஜனவரி 9

அன்பு மருமகள் ரொசாண்டாவுக்கு,

பெஷ்டர் மேட்டின் முடிசூடாத அரசனும், நூற்றுச் சொச்சம் ஆடுகளின் அதிபதியும், உன் தாயின் உடன்பிறந்தவனுமாகிய விதோசாவ் எழுதுவது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன்: இந்தக் கடிதத்தில் வரப்போகிற கதையை நீ நம்பமாட்டாய். பஸ் ஓட்டுகிற செஃபெர் நம்பவில்லை. பாதிரியார் நம்பவில்லை. கூடவே இருந்து பார்த்த எனக்கே பாதிதான் நம்பிக்கை.

டெலிபோன் கம்பி முதல் பனியிலேயே அறுந்துவிட்டது. சிக்னல் வேண்டுமென்றால் குன்றின் உச்சிக்கு ஏற வேண்டும். இப்போது அங்கே ஏறுகிறவன் வசந்த காலத்தில்தான் இறங்குவான். அதனால்தான் கடிதம். கூட ஒரு பொட்டலமும் செஃபெர் கையில் வரும். அதை மெல்லப் பிரி. உள்ளே நோயாளி.

நடந்தது இதுதான். ஜனவரி ஆறு, நம் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. வழக்கப்படி ஓக் கிளையை அடுப்பில் வைத்தாயிற்று, தரையில் வைக்கோல் பரப்பியாயிற்று. வெளியே குளிர் எப்படி என்கிறாயா? புகைபோக்கி வழியாக மேலே போன புகை, கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாமல் இறங்கி வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கோழி இட்ட முட்டை உருண்டு போய் நாயின் மண்டையை உடைத்தது. வெப்பமானி மைனஸ் நாற்பத்தேழு வரை இறங்கி, அதற்குக் கீழே எண் இல்லாததால் வெட்கப்பட்டு நின்றது.

உன் அத்தை அடுப்பை ஒட்டி நாற்காலியில் இருந்தாள். மடியில் கம்பளி. கம்பளிக்குள், நவம்பரில் நீ அனுப்பிய டேப்லெட். அக்டோபரில் அந்தப் பாழாய்ப்போன பக்கவாதம் அவள் பேச்சையும் வலது கையையும் எடுத்துக்கொண்டு போன பிறகு, அதுதானே அவளுக்கு வாய். படத்தைத் தொட்டால் பெல்கிரேடு செய்தி வாசிக்கிற பெண் மாதிரி ஒரு குரல் வரும். நாற்பது வருடம் என்னைத் திட்டிய குரலுக்குப் பதில், எனக்கு வானிலை அறிக்கை வாசிக்கிற குரல்.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "ஸ்தாமெனா, கடலோரத்துல ஒரு ஆஸ்பத்திரி இருக்காம். பேச்சு, நடை எல்லாம் சொல்லிக் குடுப்பாங்களாம். ரோசா எடம் புடிச்சு வச்சிருக்கா. போறியா, இல்ல இங்கயே இருக்கியா? நீயே சொல்லு. நான் குறுக்க வரமாட்டேன்."

இடது கை விரலை நீட்டினாள். "நான்" என்றது கருவி. இன்னொரு படம். "போக" என்றது. விரல் மூன்றாவது படத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது திரை கறுத்துவிட்டது. கறுப்பின் நடுவே சிவப்பாக ஒரு வெப்பமானிப் படம். சூடு அதிகம், ஆறவிடவும் என்று எழுத்து.

தொட்டேன். சுட்ட உருளைக்கிழங்கு மாதிரி கொதித்தது. ரோசா, எனக்கு வேறு என்ன தோன்றும்? காய்ச்சல்! யாரோ இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறந்துவைத்து, ஊடு காற்று அடித்திருக்கிறது. இந்த மேட்டில் காய்ச்சல் கண்டவனுக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன். கதவு ஜன்னல்களை மூடினேன். முன்னும் பின்னும் ராக்கியா சாராயம் தேய்த்தேன், ஒரே ஒரு கரண்டிதான். வினிகரில் நனைத்த கம்பளி சாக்ஸை இரண்டு முனையிலும் மாட்டிப் படுக்கவைத்தேன். காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. உயிரும் இறங்கியிருந்தது.

"நான் போக." அதற்கப்புறம் என்ன? வேண்டுமா, வேண்டாமா? தலையை ஆட்டிச் சொல்லச் சொன்னேன். ஆமாம் என்று ஆட்டினாள். "இங்கயே இருக்கியா?" அதற்கும் ஆமாம். "நீ ஆடா?" ஆமாம். "நான் அழகனா?" அதற்கும் ஆமாம் என்றபோது புரிந்துவிட்டது, டாக்டர் சொன்னது சரிதான், அந்தத் தலையாட்டலை நம்பக் கூடாது. படத்தை மட்டும்தான் அவள் சரியாகத் தொடுகிறாள்.

அந்தப் பாதி வாக்கியம் மூன்று நாளாக வீட்டுக்குள் என் பின்னாலேயே நடக்கிறது. அதைப் பிழைக்க வை, மருமகளே.

உன் மாமா,
விதோசாவ்


பொத்கோரிட்சா, ஜனவரி 13

மாமா,

சாக்ஸ். ஒரு டேப்லெட்டுக்குச் சாக்ஸ்.

ரிப்பேர் கடையில் பொட்டலத்தைப் பிரித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். என் முதலாளி மூக்கை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ரோசா, இத ரிப்பேர் பண்ணணுமா, இல்ல சாலட்ல போடணுமா?" என்றார். நான் பின்பக்கம் போய் அழுதேன்.

உங்கள் நோயாளி இறந்துவிட்டது. ராக்கியாவையாவது மன்னிக்கலாம், அதில் பாதி ஆவியாகிப் போயிருக்கும். வினிகர்தான் சார்ஜ் குத்துகிற துளை வழியே இறங்கி உள்ளே இருந்த செம்பைத் தின்றிருக்கிறது. ராக்கியாவும் ஒரு கரண்டி இல்லை, மாமா. கவிழ்த்தால் சொட்டுகிறது.

அது காய்ச்சல் இல்லை. கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்தால் அதன் சூடு வெளியே போக வழியில்லை. பேட்டரி வெடித்துவிடாமல் இருக்கத் தானாகவே அணைந்துகொண்டது. சும்மா மேஜைமேல் விட்டிருந்தால் அரை மணியில் பேசியிருக்கும். இங்கே ஜூலையில் காருக்குள் விட்ட டேப்லெட்டுகள் வயிறு பொங்கி, அடுப்பிலிருந்து எடுத்த பிட்டா ரொட்டி மாதிரி வரும். கொண்டுவருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் தேய்ந்துவிட்டது. என் சொந்த மாமாவுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

இதோடு என் மடிப்பு போனை அனுப்புகிறேன். புத்தகம் மாதிரித் திறக்கும். உள்ளே பெரிய திரை. படப் பலகையை மறுபடி உட்கார்ந்து செய்திருக்கிறேன். ஆள், பொருள், மிருகம், வேலை எல்லாம் இடப் பக்கம். வேண்டும், வேண்டாம், வலி, குளிர், போதும் எல்லாம் வலப் பக்கம். மூடினால் அத்தையின் ஏப்ரன் பையில் அடங்கும். தயவுசெய்து, இதையாவது கேளுங்கள்: அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். குளிருக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள். போனாலும் அங்கே திறந்து மூடாதீர்கள். அந்தத் திரை கண்ணாடி இல்லை, மெல்லிய தாள் மாதிரி. உறைந்திருக்கும்போது மடித்தால் மடிப்பிலேயே செத்துப்போகும். திரைமேல் ஒட்டியிருக்கும் தாளை உரிக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை முப்பது வருடமாக உரிக்காத வீடு உங்கள் வீடு.

ஆஸ்பத்திரியில் அந்த இடத்தை பிப்ரவரி 15 வரைதான் வைத்திருப்பார்கள். பேச்சு திரும்பி வருவதற்கு முதல் சில மாதங்கள்தான் வாசல் அகலத் திறந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அக்டோபர் முடிந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று நீங்களே விரல் மடக்கிப் பாருங்கள். கூட ஒரு ஆள் தங்கலாம். நான் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. அவள் போவதை நீங்கள் விரும்பவில்லை என்று எனக்கு ஒரு பயம். இதை எழுதாமல் இருக்கப் பார்த்தேன். எழுதிவிட்டேன்.

ரொசாண்டா


பெஷ்டர் மேடு, ஜனவரி 19

கருவிகளின் மகாராணி ரொசாண்டாவுக்கு,

போன் வந்து சேர்ந்தது. செஃபெர் அதைத் தன் வயிற்றுக்கும் சட்டைக்கும் நடுவே வைத்துக் கொண்டுவந்தானாம். "உன் மருமக சொன்னா, குளிர் படக்கூடாதுன்னு. நான் என் பொண்டாட்டியக்கூட இப்படி அணைச்சதில்ல," என்றான். அப்படிப்பட்ட பொருளை அடுப்போரமும் வைக்கக் கூடாது, வெளியிலும் வைக்கக் கூடாது என்றால் எங்கே வைப்பது? யோசித்து, பனிக்காலத்தில் பிறந்த குட்டிகளை வைப்போமே அந்த வைக்கோல் பெட்டி, அதில் வைத்தேன். ஏற்கெனவே ஒரு குட்டி இருந்தது. இரண்டும் ஒற்றுமையாக இருக்கின்றன. குட்டி அதை நக்கியதில் சீனாவில் யாருக்கோ போன் போய்விட்டது. நல்ல மனிதர், வெகுநேரம் பேசினார்.

அத்தை பேசுகிறாள்! மிருகங்களின் பக்கத்தில் கழுதை வைத்திருக்கிறாய், பார். அந்தப் படம் இனி என் பெயர். செய்தி வாசிக்கிற குரலில் காலையில் ஆரம்பிக்கிறது: "கழுதை. விறகு." பிறகு, "கழுதை. காபி. இன்னும்." போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துவீட்டு திஹோமிர் வந்து, தான் ஒரே கையால் மூன்று ஓநாய்களைத் துரத்தியதை அளந்துகொண்டிருந்தான். (ஓநாய் பதினேழு. துரத்தியது நான்.) நடுவிலே அவள் ஒரு படத்தைத் தொட்டாள். "போதும்," என்றது குரல். திஹோமிர் எழுந்து தொப்பி போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தேன். அவளும் சிரித்தாள், ரோசா. சத்தம் வந்தது. பழைய சத்தமே.

ஆனால் அந்தக் கேள்வி.

தினமும் காபி குடித்ததும் போனை விரித்து அவள் மடியில் வைத்துக் கேட்கிறேன். "போகணுமா, வேணாமா?" அவள் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். முதலிலிருந்து கடைசிவரை, பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு. கடையில் போய் ஏதோ ஒரு நிறத்து நூலைத் தேடுகிறவள் மாதிரி. வேண்டும் அங்கே இருக்கிறது, வேண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டின் மேலும் விரல் போகிறது, நிற்கிறது, விலகுகிறது. அப்புறம் என்னைப் பார்க்கிறாள். நான் அப்போது ஒரு முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எது சொன்னாலும் எனக்குச் சம்மதம் என்கிற முகம். அதை வைத்துக்கொண்டிருப்பது பதினேழு ஓநாயைத் துரத்துவதைவிடக் கஷ்டம்.

பயம் என்று எழுதியிருந்தாய். நான் குறுக்கே வரமாட்டேன் என்று சொன்னவன். சொன்னால் சொன்னதுதான்.

உன் மாமா,
இப்போது அதிகாரபூர்வமாகக் கழுதை


பொத்கோரிட்சா, ஜனவரி 23

மாமா,

அவள் சிரித்தாள் என்று படித்ததும் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சின்னப் பெண்ணாக அங்கே வரும்போதெல்லாம் எனக்குத் தலை வாரிப் பின்னிக்கொண்டே சிரிப்பாளே, அது எனக்குக் காதில் கேட்டது.

ஆனால் விட்டுவிடாதீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். காலையில் ஒருமுறை போதாது, மாலையிலும் கேளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். அவள் சம்மதமில்லாமல் அவளைத் தூக்கிவர எனக்கு மனம் இல்லை. சம்மதம் வேண்டும். ஒரு படம். ஒரே ஒரு படத்தை அவள் தொட்டால் போதும்.

உங்கள் முகத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மாமா, நீங்கள் எந்த முகத்தை வைத்தாலும் அத்தைக்கு உள்ளே இருப்பது தெரியும். கேட்டுவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள். உங்களைப் பார்த்தால் அவளால் போகிறேன் என்று சொல்ல முடியாது.

ரொசாண்டா


பெஷ்டர் மேடு, ஜனவரி 30

ரோசா,

முதல் கடிதத்தில், நம்பமாட்டாய் என்று ஒரு கதை சொன்னேன். அதை அழித்துவிடு. நம்ப முடியாத கதை இதுதான்.

நீ சொன்னபடியே செய்தேன். காலையில் கேட்டேன், மாலையில் கேட்டேன். கேட்டுவிட்டு வெளியே போனேன். நேற்றுக் காலையும் போனை விரித்து மடியில் வைத்து, "ஸ்தாமெனா, இன்னைக்காவது சொல்லிடு. ஒரு விரல். ஒரே ஒரு விரல்," என்றுவிட்டு ஆட்டுக்கொட்டிலுக்குப் போனேன். குளிர்... சரி, குளிரைப் பற்றி இன்று அளக்கவில்லை. வெப்பமானியில் மைனஸ் இருபத்தெட்டு.

கொட்டில் கதவிலிருந்து பார்க்கிறேன். வீட்டுக் கதவு திறக்கிறது. உன் அத்தை. என் பழைய ஆட்டுக்கோலை இடது கையில் ஊன்றிக்கொண்டு, தலையில் துணிகூட இல்லாமல். போன் ஏப்ரன் பையில். வாசலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, ஆடுகளுக்கு உப்பு வைக்கிற கல் வரைக்கும் வந்தாள். கோலைக் கல்லில் சாய்த்துவிட்டு இடது கையாலேயே போனை எடுத்தாள். விரித்தாள். உப்புக் கல்லின் மேல், பனியில், வானத்தைப் பார்க்க வைத்தாள். மறுபடி கோலை ஊன்றிச் சாய்ந்துகொண்டு நின்றாள், ரொட்டி வேகக் காத்திருக்கிறவள் மாதிரி. நான் கொட்டில் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அப்புறம் குனிந்து, பிடிக்காத புத்தகத்தை மூடுகிற மாதிரி, படக்கென்று மூடினாள். சத்தம் கொட்டில் வரைக்கும் கேட்டது.

ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். போனை உடனே திறக்கவில்லை, நீ சொன்னது நினைவிருந்தது. குட்டியின் பெட்டியில் வைத்து, குளிர் விட்டதும் மாலையில் திறந்தேன். மடிப்பின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாம் உயிரோடு இருக்கிறது. அந்தப் பக்கம் கரி.

அந்தப் பக்கத்தில்தான் வேண்டும். அந்தப் பக்கத்தில்தான் வேண்டாம்.

இனி அவள் உலகத்தில் உள்ள எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கடல், ஆஸ்பத்திரி, ஆடு, கழுதை. அதை விரும்புகிறாளா வெறுக்கிறாளா என்று மட்டும் சொல்ல முடியாது.

என்ன செய்யட்டும்? சொல்.

விதோசாவ்


பொத்கோரிட்சா, பிப்ரவரி 2

மாமா,

நான் இந்தக் கடையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். தானாக விழுந்தது, தானாக உடைந்தது, பூனை தள்ளிவிட்டது, மாமியார் மேலே உட்கார்ந்துவிட்டார். எல்லாக் கதையும் இந்த மேஜைமேல் கேட்டிருக்கிறேன். உங்கள் கதைக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது.

அத்தையால் நாற்காலியிலிருந்து கதவு வரைக்கும் நடக்க முடியாது. டிசம்பரில் என் கண்ணால் பார்த்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான்தான் நடத்தினேன். அவள் மைனஸ் இருபத்தெட்டில் முற்றத்தைக் கடந்து உப்புக் கல் வரைக்கும் போனாளா? போனை விரித்து உறையவைத்து மூடினாளா? குளிரில் விரித்து மூடினால் சாகும் என்று இந்த உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். எனக்கு, என் முதலாளிக்கு, நான் எழுதிச் சொன்ன உங்களுக்கு.

நீங்கள்தான் உடைத்தீர்கள்.

அவள் "வேண்டும்" தொட்டாள். இல்லையா? நீங்கள் உள்ளே வந்து பார்த்தீர்கள். உங்களால் தாங்க முடியவில்லை. அந்த வீட்டில் தனியாக, காபி போட ஆளில்லாமல், கதை கேட்க ஆளில்லாமல் இருக்க உங்களுக்குப் பயம். ஒரு கிழவனின் பயத்துக்காக ஒருத்தியின் வாயை உடைப்பார்களா, மாமா?

இனி போன் அனுப்ப மாட்டேன். என்னிடம் வேறு போனும் இல்லை. கணவாயில் பாதை பஸ்ஸுக்கு மூடியிருக்கிறது, கடிதத்தை மட்டும் பனி வாருகிற வண்டியில் கொடுத்தனுப்பலாம் என்று செஃபெர் சொல்கிறான். திறந்ததும் நான் வருகிறேன். வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். நீங்கள் கதவில் நிற்காதீர்கள்.

ரொசாண்டா


பெஷ்டர் மேடு, பிப்ரவரி 5

ரோசா,

நான் உடைக்கவில்லை.

இதை எப்படிச் சொன்னால் நம்புவாய் என்று இரண்டு நாள் யோசித்தேன். பதினேழு ஓநாய் என்று சொன்னவன் வாயிலிருந்து ஒரு உண்மை வந்தால் அதற்கு யார் சாட்சி? உன்மேல் கோபமில்லை. பயம் பற்றி நீ எழுதியது சரி. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரிடம் பொய் சொல்வேன்? இரவு அவள் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். ஆனால் போனை நான் தொடவில்லை. குளிரில் மடித்தால் சாகும் என்று நீ எழுதியதை அவளுக்கும் வாசித்துக் காட்டினேன், நாலாவது ஆள் அவள்.

அவள் இந்தப் பக்கத்து உயிருள்ள படங்களைத் தொடுகிறாள். நேற்றும் இன்றும் அதையேதான். "நான். போக. நீ." பிறகு விரல் கறுப்புக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறது, கரியின் மேல் தட்டுகிறது, திரும்பி வருகிறது. மறுபடி "நான். போக. நீ." மறுபடி தட்டு. கடைசியில் அழுதுவிட்டாள். கோலால் என் முழங்காலில் ஓர் அடியும் போட்டாள்.

எனக்கு ஒரே ஒரு பொருள்தான் தெரிகிறது. நான் போகிறேன், நீ வேண்டாம். நாற்பது வருடத்துக்குப் பிறகு அதைச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. நான் சகிக்க முடியாத ஆள்தான். ஆனால் அதைக் குளிரில் உறைந்த கருவி மூலமாகக் கேட்கும் நிலை எந்தக் கழுதைக்கும் வரக் கூடாது.

பாதை திறந்தால் வா. கதவில் நிற்கமாட்டேன். கொட்டிலில் இருப்பேன்.

விதோசாவ்


பொத்கோரிட்சா, பிப்ரவரி 8

மாமா,

உங்கள் கடிதத்தைக் கடையில் படித்துவிட்டு, வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படப் பலகையை என் கம்ப்யூட்டரில் திறந்தேன். முழுப் பலகையும் என்னிடம் இருக்கிறது. அத்தை மாதிரி இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான். போக. நீ. பிறகு அந்தப் பக்கம் போனேன், கோட்டுக்கு அப்பால்.

வேண்டும். வேண்டாம். வலி. சூடு. குளிர். இன்னும். போதும்.

வேண்டாம் என்பதற்காக அவள் அழமாட்டாள், மாமா. உங்களை வேண்டாம் என்றால் கோலே போதும் அவளுக்கு. அப்புறம்தான் உங்கள் ஜனவரிக் கடிதம் நினைவுக்கு வந்தது. போன் நன்றாக இருந்தபோதே எல்லாப் பக்கமும் தேடினாள் என்று எழுதியிருந்தீர்களே. நூல் கடையில் தேடுகிறவள் மாதிரி. வேண்டும் கண்முன்னே இருந்தது, வேண்டாமும் இருந்தது. அப்படியானால் அவள் தேடியது இரண்டும் இல்லை.

நானும் தேடினேன். எல்லாப் பக்கமும். இல்லை. "சேர்ந்து" இல்லை. "கூட" இல்லை. "நாம்" என்று ஒரு படம்கூட இல்லை. இருநூறு படம் வைத்தேன், எல்லாம் தனியாக ஓர் ஆள் உட்கார்ந்து தனக்குக் கேட்டுக்கொள்கிற படங்கள். கூடத் தங்குகிற ஆள் நான் என்று நானே முடிவு செய்தேன். உங்களைக் கேட்கவில்லை. அவளையும் கேட்கவில்லை. பிறகு தினமும் இரண்டு வேளை, இதில் இருந்து ஒன்றைத் தொடு, தொடு என்று உங்களை ஏவி அவளை விரட்டினேன்.

நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். இப்போது எனக்கு எதிலும் நிச்சயம் இல்லை. அதனால் எதுவும் கேட்காதீர்கள். போனை மூடி வையுங்கள். அவள் பையை எடுத்து அவள் முன்னால் திறந்து வைத்துவிட்டு, பேசாமல் நில்லுங்கள். மாமா, பேசாமல். உங்களால் முடியுமா?

உப்புக் கல் கதையை நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் நீங்கள் உடைத்தீர்கள் என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இடம் 15ஆம் தேதி வரைதான்.

ரொசாண்டா


பெஷ்டர் மேட்டிலிருந்து இறங்கும் வழியில், பிப்ரவரி 12

கருவிகளின் மகாராணியும், அவசரக்காரியும், என் அருமை மருமகளுமாகிய ரொசாண்டாவுக்கு,

கையெழுத்து ஆடுகிறதென்றால் செஃபெரைத் திட்டு. பாதை இன்றுதான் திறந்தது, வளைவு வளைவாக ஒடிக்கிறான்.

நீ சொன்னபடி, பையைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்கிறாயா? வெளியே பனி உருகி, புல் முளைத்து, அதை ஆடுகள் மேய்ந்து முடிக்கிற அளவுக்கு. அத்தை முதலில் தன் கம்பளிச் சட்டையை எடுத்து வைத்தாள். சரி, போகிறாள். பிறகு தன் காலுறை. பிறகு ஆணியில் தொங்கிய என் தொப்பியைக் கோலால் தட்டிவிட்டு, எடுத்துப் பைக்குள் போட்டாள்.

கை தவறிவிட்டது என்று நினைத்து எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினேன். அவள் மறுபடி தட்டினாள். மறுபடி பைக்குள். நான் மறுபடி எடுக்கப் போனேன், கையில் விழுந்தது அடி. அப்புறம் என் சவரக் கத்தி. என் மூக்குக் கண்ணாடி. கட்டிலுக்குக் கீழே நான் ஒளித்து வைத்திருந்த ராக்கியா பாட்டில். அது அங்கே இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை தெரியவில்லை. எல்லாவற்றையும் வைத்துவிட்டு, போனை எடுத்து, உயிரோடு இருக்கிற பக்கத்தை எனக்கு நேராகப் பிடித்தாள்.

"நான். போக. கழுதை."

பெல்கிரேடு செய்திக் குரலில். நான் வைக்கோல் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆட்டுக்குட்டி என் காதை நக்கியது. அதற்குமேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

ஆடுகளை திஹோமிர் பார்த்துக்கொள்வான். "கடலப் பாத்ததே இல்லியே, மாப்ள, பயந்துடாத. நம்ம மேடு மாதிரிதான், ஆனா அசையும்," என்றான். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னேன். அது பொய். கூடத் தங்குகிற ஆளின் இடத்தை எனக்கு விட்டுக்கொடு. ஞாயிற்றுக்கிழமைகளில் வா. வரும்போது பலகையில் நாம் என்று ஒரு படம் வைத்துக்கொண்டு வா. அவள் அதை எத்தனை தடவை தொடுவாள் என்று தெரியாது. எனக்காகவாவது இருக்கட்டும்.

பஸ் நின்றதும் இந்தக் கடிதத்தை வழக்கம்போல செஃபெர் உன் கையில் கொடுப்பான். முதல் கடிதத்தில் நம்பமாட்டாய் என்றேன், நீயும் நம்பவில்லை, சரியாகத்தான் செய்தாய். புகை திரும்பி வந்தது பொய். முட்டை நாயின் மண்டையை உடைத்தது பொய். நாய்க்கு லேசாக வீங்கியது. மைனஸ் நாற்பத்தேழும் பொய், சீனாக்காரரும் பொய். பதினேழு ஓநாய் இல்லை, ஒன்று. அதுவும் திஹோமிரின் நாயாக இருக்கலாம். ராக்கியா ஒரு கரண்டி இல்லை, அரை பாட்டில்.

ஒரே ஒரு சின்னப் பகுதிதான் உண்மை. உப்புக் கல் வரைக்கும் அவள்தான் நடந்தாள், அவள்தான் மூடினாள். நம்பவில்லையென்றால் கடிதத்தை மடித்துவிட்டு பஸ்ஸின் பின்பக்கக் கதவைப் பார். கையை நீட்டாதே, பிடிக்கப் போகாதே. அவளே இறங்குவாள்.

கழுதை